போர் ஓவியத்துல முதல்ல புகையைப் பாருங்க

போர் ஓவியம்னு எதையாவது பாத்தா நான் இப்பல்லாம் முதல்ல தேடறது கொடியையோ குதிரையையோ இல்ல, புகையைத்தான். அது எங்கேயிருந்து கிளம்புது, யார் மூஞ்சிய மறைக்குது, யார் மூஞ்சிகிட்ட வந்ததும் மரியாதையா ஒதுங்கிப் போகுதுன்னு. அமெரிக்க சுதந்திரப் போர் ஓவியங்கள மியூசியம் சைட்டுகள்ல ராத்திரி ராத்திரியா ஜூம் பண்ணிப் பாத்ததுல ஒட்டிக்கிட்ட பழக்கம் இது, இப்ப விட முடியல.

ஏன் புகைன்னா, 1775ல ஆரம்பிச்சு 1783 வரைக்கும் இழுத்த அந்தப் போர்ல ரெண்டு பக்கமும் சுட்டது கருமருந்த வச்சு. வெடியுப்பு, கரி, கந்தகம். எரிஞ்சா அதுல பாதிக்கு மேல வாயுவாவே ஆகாது, பொடித் துகளா வெளிய கொட்டும், அதுதான் அந்த அடர்த்தியான வெள்ளைப் புகை. நூறு பேர் வரிசையா நின்னு ஒரு தடவ சுட்டாப் போதும், எதிர்ல நிக்கறவன் தெரியமாட்டான், காத்து அடிக்கலைன்னா அடுத்த ரவுண்டு குத்துமதிப்புதான். ஆக அந்தச் சண்டைக்குள்ள நின்ன ஆளு பாத்தத பாத்தபடி வரையணும்னா கேன்வாஸ்ல முக்கால்வாசிக்கு வெள்ளையடிச்சு விட்ருக்கணும். எவனும் அடிக்கல. அடிச்சா காசு யார் குடுப்பா?

முதல் நாள்ல இருந்தே ஆரம்பிக்கலாம். 1775 ஏப்ரல் 19, மாசசூசெட்ஸ்ல லெக்சிங்டன். விடியக்காலைல ஊர்ப் புல்வெளில எழுபது எண்பது பேர் துப்பாக்கியோட நிக்கறாங்க, பிரிட்டிஷ் படை வருது, யாரோ சுடறாங்க (யாருன்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை நடக்குது), கடைசில ஊர்க்காரங்க எட்டு பேர் செத்துக் கிடக்கறாங்க. கொஞ்ச நாள்லயே கனெக்டிகட்ல இருந்து வந்த ரெண்டு இளைஞர்கள் அந்த இடத்துக்கே போறாங்க. ஒருத்தர் ஓவியர் ரால்ஃப் ஏர்ல், இன்னொருத்தர் ஏமஸ் டூலிட்டில், நியூ ஹேவன்ல வெள்ளி வேலையும் செதுக்கு வேலையும் செய்யற ஆள், 21 வயசு. ஏர்ல் இடத்தப் பாத்து வரைய, டூலிட்டில் அத செப்புத் தகட்டுல செதுக்கறார். மதில் பின்னாடி குனிஞ்சு சுடற ஆள வரையணும்னா டூலிட்டிலையே துப்பாக்கியோட அங்க குனியச் சொல்லி ஏர்ல் மாடலா வச்சுக்கிட்டார்னு ஒரு கதை உண்டு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. அந்த டிசம்பர்லயே நாலு படம் சேர்ந்த செட்டா விற்பனைக்கு வந்துடுச்சு, சாதா ஆறு ஷில்லிங், கலர் அடிச்சது எட்டு ஷில்லிங்.

அதுல முதல் படத்த எடுத்துக்குங்க. பிரிட்டிஷ்காரங்க வரிசையா நின்னு சுடறாங்க, துப்பாக்கி முனையில புகை பஞ்சு உருண்டை மாதிரி நிக்குது. இந்தப் பக்கம் ஊர்க்காரங்க சிதறி ஓடறாங்க, சிலர் கீழ கிடக்கறாங்க. அவங்க துப்பாக்கில புகையே இல்ல. ஒரு பொட்டுப் புகை கூட இல்ல. அன்னைக்கு அரசியலுக்கு அதுதான் தேவை, நாங்க கலைஞ்சு போயிட்டு இருந்தோம், அவங்கதான் அநியாயமா சுட்டாங்கன்னு வாக்குமூலமெல்லாம் வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பிட்டு இருந்த நேரம் அது.

இப்ப அப்படியே ஒரு ஐம்பது வருஷம் தள்ளி வாங்க. போர் ஜெயிச்சாச்சு, நாடு வந்தாச்சு, லெக்சிங்டன்காரங்களுக்கும் பக்கத்து ஊர் கான்கார்ட்காரங்களுக்கும் ஒரு சண்டை, முதல்ல எதிர்த்து நின்னது நாங்களா நீங்களான்னு. "ஓடினோம்"ங்கறது இப்ப பெருமை இல்ல. 1830 வாக்குல வந்த ஒரு லித்தோகிராஃப்ல (கல் அச்சுப் படம்) ஊர்க்காரங்க சிலர் திருப்பிச் சுடறாங்க. 1855ல வந்த படத்துல இன்னும் நிறைய பேர். 1886ல ஹென்றி சாண்ட்ஹம் வரைஞ்ச பெரிய ஆயில் பெயின்டிங்ல எல்லாரும் நெஞ்ச நிமித்தி நின்னு சுடறாங்க, ஓடறவன்னு ஒருத்தனும் இல்ல. நிகழ்ச்சி அதே நிகழ்ச்சி, புல்வெளி அதே புல்வெளி, நூத்திப் பதினோரு வருஷத்துல புகை மட்டும் மெதுவா அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கத்துக்கு நகந்து வந்திருக்கு. இந்த நாலு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்ப எனக்குச் சிரிப்பு தாங்கல.

(இன்னொரு விஷயம், இந்தப் போரோட முதல் படத்துக்கு மூலம் வரைஞ்ச ரால்ஃப் ஏர்ல் அசல்ல ராஜா கட்சி. 1778ல ஒரு பிரிட்டிஷ் கேப்டனோட வேலைக்காரன் வேஷத்துல தப்பிச்சு இங்கிலாந்து போயிட்டார்.)

அடுத்து வர்ற ஆளப் பத்தித்தான் நான் எழுதவே உக்காந்தேன். ஜான் ட்ரம்புல். கனெக்டிகட் கவர்னர் மகன், சின்ன வயசுல மாடிப்படில விழுந்து இடது கண்ணு கிட்டத்தட்ட போயிடுச்சு, ஒத்தைக் கண்ணோட ஓவியர் ஆனவர். 1775ல கொஞ்ச நாள் அமெரிக்கப் படைத் தளபதி வாஷிங்டனுக்கு உதவி அதிகாரியா இருந்தார். அப்புறம் ப்ரமோஷன் லெட்டர்ல தேதி தப்பா போட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டு 1777ல ராணுவத்த விட்டே வந்துட்டார், தேதிக்காக! 1780ல போர் நடந்துட்டு இருக்கும்போதே படம் வரையக் கத்துக்க லண்டன் போறார், எதிரி தலைநகருக்கு. வாத்தியார் பென்ஜமின் வெஸ்ட், அமெரிக்காவுல பிறந்தவர், ஆனா ராஜாவோட ஆஸ்தான ஓவியர். அந்த வருஷமே தேசத்துரோகக் குற்றச்சாட்டுல ட்ரம்புல உள்ள தூக்கி வச்சுட்டாங்க, ஏழெட்டு மாசம் ஜெயில். போர் முடிஞ்சு 1784ல திரும்பவும் அதே லண்டன், அதே வாத்தியார். அங்க உக்காந்துதான் அமெரிக்க சுதந்திரப் போர வரைய ஆரம்பிக்கறார்.

முதல்ல எடுத்தது பாஸ்டன் பக்கத்துல நடந்த பங்கர் ஹில் சண்டை, 1775 ஜூன் 17. அமெரிக்கப் படை தோத்துப் பின்வாங்கின சண்டை அது, ஆனா பிரிட்டிஷ் பக்கம் செத்தவங்க காயம்பட்டவங்க ஆயிரத்துக்கும் மேல. அன்னைக்கு ட்ரம்புல் இருந்தது ராக்ஸ்பரில, பல மைல் தள்ளி, தண்ணிக்கு அந்தப் பக்கம் புகை எழும்பறதும் பீரங்கிச் சத்தமும் தவிர அவர் எதையும் கண்டிருக்க வழியில்ல. 1786ல வரைஞ்சு முடிச்ச படம் இப்ப யேல் பல்கலைக்கழகத்துல இருக்கு. நேர்ல பாக்கறவங்க இவ்வளவு சின்னதான்னு ஏமாறலாம், ரெண்டடிக்குக் கொஞ்சம் மேல உயரம், மூணடி அகலம், அவ்வளவுதான். ஒத்தைக் கண்ணுக்கு அந்த அளவுதான் கைக்கு அடங்கிச்சுன்னு சொல்றவங்க உண்டு, எனக்கும் அது சரின்னு படுது, ஏன்னா பிற்பாடு அவர் வரைஞ்ச பிரம்மாண்டமான படங்கள்ல இந்த உயிர் இல்ல.

படத்துக்குள்ள போவோம். நடுவுல கீழ வெள்ளை உடுப்புல அமெரிக்கத் தலைவர்கள்ல ஒருத்தரான டாக்டர் ஜோசப் வாரன் சாஞ்சு கிடக்கார். ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் பயோனெட்ட (துப்பாக்கி முனையில மாட்டற கத்தி) அவர் மேல இறக்கப் போறான், அந்தத் துப்பாக்கிய மேஜர் ஸ்மால்ங்கற பிரிட்டிஷ் அதிகாரியே புடிச்சுத் தடுக்கறார். பின்னாடி இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி மேஜர் பிட்கெய்ன் குண்டு பட்டு மகன் கையில சரியறார். வானத்துல பாதிக்கு மேல கருத்த புகை, கொடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு பறக்குது. பாக்க மயிர்க்கூச்செறியும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நிஜத்துல வாரன் தலையில குண்டு பாஞ்சு அந்த இடத்துலயே போயிட்டார், யார் மடியிலயும் சாய நேரம் இல்ல. பிரிட்டிஷ்காரங்க அவர அங்கயே புதைச்சுட்டாங்க, அடுத்த வருஷம் தோண்டி எடுத்தப்ப அடையாளம் சொன்னது பாஸ்டன் வெள்ளி வேலைக்காரர் பால் ரிவியர், தான் கம்பி வச்சுக் கட்டிக் குடுத்த பொய்ப்பல்ல வச்சு. பிட்கெய்ன் விழுந்த நேரமும் வாரன் விழுந்த நேரமும் வேற வேற. ட்ரம்புல் எல்லாரையும் ஒரே நொடிக்குள்ள கூட்டிட்டு வந்து நிறுத்திட்டார்.

இப்ப புகையப் பாருங்க. மேல வானத்துல அவ்வளவு புகை, கீழ மனுஷங்க நிக்கற இடத்துல தெளிவோ தெளிவு. கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி, முக்கியஸ்தர் ஒருத்தர் மூஞ்சி கூட மறையல. ஏன்னா அவர் வரையறது சண்டைய இல்ல, முகங்கள. படத்த செதுக்கி அச்சடிச்சு சந்தா சேத்து விக்கணும்ங்கறது திட்டம், அந்த முகங்கள்தான் சரக்கு. முகத்துக்காக அவர் எடுத்துக்கிட்ட சிரமம் கொஞ்சநஞ்சம் இல்ல. பிரின்ஸ்டன் சண்டையில செத்த அமெரிக்க ஜெனரல் மெர்சரோட சாயல் கிடைக்கலைன்னு அவர் மகன உக்கார வச்சு வரைஞ்சார். 1781ல பிரிட்டிஷ் படை சரணடைஞ்ச யார்க்டவுன் படத்துக்கு வேண்டிய பிரெஞ்சு ஆபீசர்கள, பாரிஸ்ல அப்ப அமெரிக்கத் தூதரா இருந்த ஜெஃபர்சன் வீட்டுல வச்சு ஒவ்வொருத்தரா வரைஞ்சார். அதுல பொய் இல்ல, உழைப்புதான். ஆனா போர் அங்க இல்ல.

வலது ஓரத்துல லெஃப்டினன்ட் க்ரோவ்னர்னு ஒரு அமெரிக்க அதிகாரி, அவர் முதுகுக்குப் பின்னாடி பாதி மறைஞ்சு ஒரு கறுப்பின மனிதர் துப்பாக்கியோட நிக்கறார். ரொம்ப காலம் அவர பீட்டர் சேலம்னு சொல்லிட்டு இருந்தாங்க, பங்கர் ஹில்ல நிஜமாவே சண்டை போட்ட வீரர் அவர். இப்ப பல பேர் அத ஏத்துக்கறதில்ல, படத்துல இருக்கிறது க்ரோவ்னரோட வேலையாள்னு சொல்றாங்க. எப்படிப் பாத்தாலும் அன்னைக்கு அந்த மலையில சண்டை போட்ட கறுப்பினத்தவங்களும் பூர்வகுடிகளும் எத்தனையோ பேர், முகம் கிடைச்சது ஓரத்துல ஒருத்தருக்கு, அதுவும் இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னாடி. இதுக்கு நேர்மாறா ஒண்ணு உண்டு. 1781ல அமெரிக்காவுக்கு உதவ வந்த பிரெஞ்சுப் படையில இருந்த டி வெர்ஜர்ங்கற இளம் அதிகாரி தன் குறிப்பேட்டுல போட்ட சின்ன வாட்டர்கலர். நாலு சிப்பாய்ங்க சும்மா வரிசையா நிக்கறாங்க, முதல் ஆள் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட்டோட கறுப்பின வீரர், முழு உருவமா, முழு யூனிஃபார்மோட. யாருக்கும் விக்கறதுக்காக வரைஞ்சதில்ல அது, கண்ணுல பட்டத போட்டிருக்கார்.

பங்கர் ஹில் படத்த லண்டன்ல பாத்தவங்கள்ல அபிகயில் ஆடம்ஸ் ஒருத்தர், பிற்பாடு ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸோட மனைவி. உடம்பெல்லாம் ஒடுங்கிப்போச்சு, ரத்தம் உறைஞ்ச மாதிரி ஆயிடுச்சுன்னு லெட்டர் எழுதியிருக்காங்க. சண்டை நடந்த அன்னைக்கு ஏழு வயசு மகன் ஜான் க்வின்சிய கூட்டிட்டு பென்ஸ் ஹில் மேல ஏறி, பங்கர் ஹில் பக்கத்து ஊரான சார்ல்ஸ்டவுன் எரியறத தூரத்துல இருந்து பாத்தவங்க அவங்க. செத்துப்போன வாரன் அவங்க குடும்ப டாக்டர், அந்தப் பையனோட விரல வெட்டாம காப்பாத்திக் குடுத்தவர். அதாவது நிஜப் புகையையும் வரைஞ்ச புகையையும் ரெண்டையும் பாத்த ஒரு ஆள். நிஜத்துல அவங்களுக்குத் தெரிஞ்சது வெறும் புகைதான், அதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பதினோரு வருஷம் கழிச்சு ட்ரம்புல் காட்டறார். பொய்யாவே இருக்கட்டுமே, அவங்களுக்கு அது வேண்டியிருந்திருக்கு. இங்க வந்ததும் என் கிண்டல் கொஞ்சம் அடங்கிடும்.

இன்னொரு ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் கதை வேற மாதிரி. இவர் உள்ள இருந்தவர், ஃபிலடெல்ஃபியா மிலிஷியாவுல (ஊர்க்காரங்க சேர்ந்த படை) கேப்டன், 1777 ஜனவரி 3 பிரின்ஸ்டன் சண்டையில துப்பாக்கி புடிச்சவர். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி வாஷிங்டன் படை தோத்து டெலவேர் ஆத்தத் தாண்டி வந்தப்ப கரையில நின்னு பாத்திருக்கார். சட்டையில்லாம, தாடி மண்டி, மூஞ்சியெல்லாம் புண்ணோட ஒருத்தன் கிட்ட வர்றான், யாரோன்னு பாத்தா சொந்தத் தம்பி ஜேம்ஸ். அடையாளமே தெரியல. இந்தக் காட்சிய வாழ்க்கை முழுக்க மறக்காம எழுதி வச்சிருக்கார். ஆனா 1779ல பென்சில்வேனியா அரசு அவர்கிட்ட படம் கேட்டப்ப என்ன வரைஞ்சார் தெரியுமா? பிரின்ஸ்டன்ல வாஷிங்டன், பீரங்கி மேல கைய வச்சு, ஒரு கால இன்னொரு கால் மேல மாத்திப் போட்டு, விருந்துக்கு வந்தவர் மாதிரி நிக்கறார். காலடியில எதிரிக் கொடிகள், தூரத்துல கைதிகள நடத்திட்டுப் போறாங்க. சண்டை முடிஞ்சாச்சு, புகையும் கலைஞ்சாச்சு. அந்தப் படத்துக்கு நிறைய காப்பி கேட்டு ஆர்டர் வந்துச்சு. தம்பியோட புண்ணு புடிச்ச மூஞ்சிக்கு ஆர்டர் வந்திருக்குமா?

இதே பிரின்ஸ்டன்ல நசாவ் ஹால் கட்டடத்துல ராஜா ரெண்டாம் ஜார்ஜ் படம் தொங்கிட்டு இருந்துச்சு, சண்டையில பீரங்கிக் குண்டு பட்டு நாசமாயிடுச்சு. படத்தோட மரச் சட்டம் மட்டும் தப்பிச்சுது. போர் முடிஞ்ச பிறகு பீல்கிட்ட இன்னொரு வாஷிங்டன் படம் வாங்கி அந்த ராஜா சட்டத்துலயே மாட்டிட்டாங்க.

டெலவேர்னு வந்தாச்சு, வாஷிங்டன் எதிரியத் தாக்கத் திரும்பவும் அந்த ஆத்தக் கடக்கற பிரபலமான படத்தத் தொடாம போக முடியாது, ஆனா சீக்கிரம் தாண்டிடலாம். 1851, எமானுவல் லாய்ட்ஸ, வரைஞ்சது ஜெர்மனில ட்யூசல்டார்ஃப்ல. படகுல வாஷிங்டன் எழுந்து நிக்கறார், பின்னாடி கொடி, அந்தக் கொடி சட்டமானதே ஆத்தக் கடந்து ஆறு மாசம் ஆன பிறகு. கடந்தது ராத்திரி, ஆலங்கட்டியும் பனியுமா கொட்டிட்டு இருந்துச்சு, படத்துல விடியற வெளிச்சம். இருபது அடிக்கும் மேல அகலம். 1848 புரட்சி தோத்துப் போன ஜெர்மன்காரங்களுக்கு தைரியம் சொல்லத்தான் அவர் வரைஞ்சதே, அதனால தப்பெல்லாம் கணக்குப் போட்டு அவர திட்டறது எனக்கு ஒப்பல. முதல்ல வரைஞ்ச படம் தீயில சேதமாகி ப்ரேமன் மியூசியத்துக்குப் போய் அங்க 1942ல பிரிட்டிஷ் விமானக் குண்டுல எரிஞ்சுபோச்சு. நியூயார்க்ல இருக்கிறது ரெண்டாவது. வாஷிங்டனுக்கு போஸ் குடுத்தது விட்ரெட்ஜ்ங்கற ஓவியர், அசையாம நின்னு நின்னு மயக்கம் வர்ற நிலைமைல ஷாம்பெயின் ஊத்தித் தெளிய வச்சாங்களாம்.

ஜெயிச்சவங்க படத்தையே பாத்துட்டு இருந்தா அலுத்துடும், அதுக்கு மருந்து 1782ல நேப்பிள்ஸ்ல ஜாவியேர் டெல்லா கட்டாங்கற இத்தாலிய ஓவியர் வரைஞ்ச படம், பயோலி சண்டை. அமெரிக்காவுக்கு அவர் போனதே இல்ல, அந்தப் போர்ல இருந்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரி சொல்லச் சொல்ல வரைஞ்சதுன்னு கருதறாங்க. 1777 செப்டம்பர் 20 ராத்திரி, பிரிட்டிஷ் ஜெனரல் க்ரே தன் ஆட்கள்கிட்ட துப்பாக்கில இருந்து சக்கிமுக்கிக் கல்லையே கழட்டச் சொல்லிட்டார், தப்பித் தவறி ஒரு வெடி வெடிச்சு சத்தம் கேட்டுடக் கூடாதுன்னு. முழுக்க பயோனெட். கூடாரத்துல தூங்கிட்டு இருந்த அமெரிக்கங்க மேல போய் விழுந்தாங்க. இந்தப் படம் அத மறைக்கவே இல்ல, குத்தறது குத்தறதாவே தெரியுது, தீ வெளிச்சத்துல. நடுவுல மடியில சாய்ற ஹீரோ கிடையாது, வானத்தப் பாக்கற கண்ணு கிடையாது. அன்னைக்கு ராத்திரி ஜெயிச்ச பிரிட்டிஷ் பக்கத்து ஆளு தன் வீட்டுல மாட்டி வச்சுக்கறதுக்கு இவ்வளவு பச்சையா ஒண்ண ஏன் வரையச் சொன்னான்னு யோசிச்சுப் பாத்தேன். பெருமையா, உறுத்தலா, தெரியல. இந்தப் போர் ஓவியங்கள்லயே என்னைத் தூங்க விடாதது இதுதான். ஃபிலடெல்ஃபியா மியூசியம் ஒண்ணுல இருக்கு.

பிரெஞ்சுக்காரங்களுக்கு வேற கவலை. பதினாறாம் லூயிக்கு யார்க்டவுன் முற்றுகைய வரைஞ்சு குடுத்தவர் வான் பிளாரன்பெர்க், 1784ல. அவரும் அமெரிக்காவ கண்ணால பாக்காதவர்தான், ஆனா அங்க இருந்த பெர்த்தியேங்கற அதிகாரியோட வரைபடங்கள் கையில இருந்துச்சு. உயரத்துல நின்னு பாக்கற மாதிரி காட்சி, பதுங்குகுழி எப்படி வளைஞ்சு போகுது, எந்த பீரங்கி வரிசை எங்க இருக்கு, ஆத்துல எந்தக் கப்பல், எல்லாம் தெரியும். புகை தூரத்துல குட்டிக் குட்டியா வெள்ளைப் புள்ளி. முகம்னு ஒண்ணும் பெருசா இல்ல, எறும்பு சைஸ்ல ஆயிரம் பேர். பணம் குடுத்து படை அனுப்பின ராஜாவுக்கு செலவு எங்க போச்சுன்னு தெரியணுமில்ல.

ட்ரம்புலோட யார்க்டவுன் அதே சம்பவத்த முகமா மாத்தினது. தலைப்பு கார்ன்வாலிஸ் சரணடைதல், ஆனா படத்துல பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் கிடையாது, உடம்பு சரியில்லன்னு அன்னைக்கு வரவே இல்ல, ஓஹாராங்கற டெபுடிய அனுப்பிட்டார். டெபுடி வந்தா நானும் டெபுடிதான்னு வாஷிங்டன் ஜெனரல் லிங்கன முன்னாடி விட்டார், அதனால நடுவுல வெள்ளைக் குதிரையில இருக்கிறது லிங்கன் (பென்ஜமின் லிங்கன், ஜனாதிபதி இல்ல), வாஷிங்டன் பின்னால. தேசத்தோட தலைவர பின்னாடி தள்ளி வரையற அளவுக்கு இங்க நடந்ததுக்கு விசுவாசமா இருந்திருக்கார் மனுஷன், வாரன் விஷயத்துல அளந்து விட்டவர்தான் இவரும்.

1817ல அமெரிக்க காங்கிரஸ் தன்னோட கேப்பிடல் கட்டடத்து ரோட்டண்டாவுக்கு (நடுவுல இருக்கிற வட்ட மண்டபம்) நாலு பெரிய படம் ட்ரம்புல்கிட்ட கேட்டுச்சு, மொத்தம் 32,000 டாலர். தேர்ந்தெடுத்த நாலுல ரெண்டு அரசியல் காட்சி, ரெண்டு சரணடைதல், சரடோகாவும் யார்க்டவுனும். ஒரு துப்பாக்கி வெடிக்கற படம் கூட இல்ல. பங்கர் ஹில், க்யூபெக், ட்ரென்டன், பிரின்ஸ்டன், அவர் உயிர விட்டு வரைஞ்ச சண்டைகள் எல்லாத்தையும் கடைசில யேல் காலேஜுக்கு வருஷம் 1,000 டாலர் பென்ஷன் மாதிரி பேசிக் குடுத்துட்டார்.

புகைக்கு உண்மையா நியாயம் செஞ்சது யாருன்னு கேட்டா நான் அமெரிக்க ஓவியர் ஹோவர்ட் பைலைச் சொல்வேன், இத்தனைக்கும் அவர் வரைஞ்சது 1897ல, பத்திரிகைக்கு. அதே பங்கர் ஹில். ஆனா நம்மள பிரிட்டிஷ் வரிசைக்குப் பின்னாடி கொண்டு போய் நிறுத்தறார். செங்கோட்டுக்காரங்க முதுகு தெரியுது, வரிசை வரிசையா மேட்டுல ஏறறாங்க, முன்னாடி போனவன் புல்லுல கிடக்கறான். அமெரிக்கங்க எங்க? மேட்டு உச்சியில ஒரு கோடு புகை. அவ்வளவுதான். வாரன் கிடையாது, சுதந்திரம் கிடையாது, அந்தப் புகைக்குள்ள இருந்து யார் சுடறான்னு ஏறற சிப்பாய்க்கு எப்படித் தெரியாதோ நமக்கும் அப்படியே தெரியாது. வரிசை இவ்வளவு நேரா இருந்திருக்குமாங்கறது மட்டும் எனக்கு இடிக்குது, வேலியும் புல்லும் தாண்டி வந்தவங்க அவங்க. அந்த ஒரிஜினல் டெலவேர் மாநில மியூசியம் ஒண்ணுல இருந்து 2001ல காணாமப் போச்சு, திருட்டுன்னுதான் நினைக்கறாங்க. இப்ப நமக்குக் கிடைக்கறதெல்லாம் பழைய அச்சுல இருந்து எடுத்த ஸ்கேன், அதுல ஜூம் பண்ணிப் போனா புகை இருக்கிற இடத்துல வெறும் அச்சுப் புள்ளிதான் தெரியுது.